முந்தினால் இரண்டு புள்ளி

குடிக்கிற மார்ட்டினி இல்லை இது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில்
நூஷாத்தெல் ஏரிக்கரையில் பூட்டிய கார்.
மலைறோட்டின் விளிம்பு தெரியவேண்டுமென்று
ஓட்டுகிறவரை அந்தக் காலத்தில்
வலப்பக்கம் இருத்தினார்களாம்.
வலப்பக்கம் றெகுலா.
இடப்பக்கம், அவள் கணவன் ஊர்ஸ்
மணிக்கட்டை முறித்துக்கொண்டதால்,
நான்.

மடியில் வழிப்புத்தகம்.
கழுத்தில் இரண்டு நிறுத்துகடிகாரம்:
ஒன்று ஊர்ஸின் வெள்ளி,
ஒன்று மிக்ரோ கடையில் நான் வாங்கிய பிளாஸ்டிக்.
திங்கள் முதல் வெள்ளி வரை
அவளுடைய பல் ஆஸ்பத்திரியில் கருவி அவிப்பவள் நான்.
பட்டியலில் பெயர் மாற்ற நேரமில்லை.
லாங்நவ் திடலில் ஒலிபெருக்கி அழைத்தது:
முப்பத்தேழாம் இலக்கம், றெகுலாவும் ஊர்ஸும்!
நான் கை காட்டினேன்.
கைதட்டினார்கள்.

வழிப்புத்தகத்தில் ஊர்ப்பெயர் கிடையாது.
சந்திக்குச் சந்தி ஒரு புள்ளி, ஓர் அம்பு.
புள்ளி நாங்கள். அம்பு நாங்கள் போகிற பக்கம்.
மற்றக் கோடுகள் எல்லாம்
எங்களுக்கில்லாத றோட்டுகள்.
இவ்வளவு நேர்மையான படத்தை
இந்த நாட்டில் ஒருவரும் எனக்கு முன்பு தந்ததில்லை.

லூடெரன் மேட்டுக்கு ஏற ஏற
கால்மாட்டில் சூடு, மூக்கில் பெட்ரோல்.
மாட்டுச்சாணித் தண்ணீர் ஏற்றிய டிராக்டர் ஒன்று
எங்களை முந்திக்கொண்டு போனது,
ஓட்டிய பெடியன் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தபடி.
மேட்டில் றேடியேட்டர் கொதித்தது.
மாட்டுத்தொட்டியில் மொண்டு
காருக்கு வார்த்தோம். மிச்சத்தில் முகம் கழுவினோம்.

அதன்பிறகுதான் அந்தப் பகுதி.
மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர், கூடவும் கூடாது குறையவும் கூடாது.
ஒரு விநாடி பிந்தினால் ஒரு புள்ளி வெட்டு.
ஒரு விநாடி முந்தினால் இரண்டு.

திரும்ப வாசித்தேன். இரண்டு.

முந்திப் போயே பழகினவள் நான்.
ஒன்பது மணி விசாரணைக்கு
ஏழரைக்கே பேர்ன் ஸ்டேஷன் வாங்கில்.
மொழிபெயர்ப்பாளருக்கு முந்தி, காவலாளிக்கு முந்தி,
பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தில்
கதிரைகள் அடுக்கமுதல் நான்.
பிந்தினால் கடிதம் வரும்.
முந்தினதற்கு யாரும் எதுவும் எழுதினதில்லை
இன்றுவரை.

வாசன் இறக்கத்தில் கணக்குப் பார்த்தேன்:
இரண்டு நிமிடம் நாற்பது விநாடி முந்தி.
மஞ்சள் பலகை தெரிகிற இடத்தில் நிற்கக்கூடாது, விதி.
வளைவுக்கு இந்தப் பக்கமாய் ஓரம் கட்டினாள்.
எஞ்சின் தொண்டையைச் செருமியது.
இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

ஊர்ஸ் கையை முறிக்கவில்லை, என்றாள்.
போன செவ்வாய் போய்விட்டான்.
பல்துலக்கியைக்கூட எடுக்கவில்லை.
பல் வைத்தியரின் புருஷன், பார், என்று
சிரிக்கத் தொடங்கி
நடுவில் விட்டாள்.

வெள்ளிக் கடிகாரம் என் கையில் ஓடியது.
ஒரு நிமிடம். நாற்பது.
என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம்
வாயைத் திறவுங்கள், கொப்பளியுங்கள், நோகாது.
நோகாது என்பதும் பொய்.
பத்து, என்றேன். வேறு வழியில்லை.
ஒன்பது. எட்டு.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.
மூன்று. இரண்டு.
ஒன்று என்று நான் சொல்லவில்லை.
கண்ணாடி மூக்கில் ஏறி, காதில் கொளுவுப்படும்வரை
அந்த ஒன்றை
வாய்க்குள் வைத்திருந்தேன்.

நாலு விநாடி பிந்தி.
நாலு புள்ளி வெட்டு.
பத்தொன்பது வருடத்தில் நான் பிந்தியது இதுதான்.

புர்க்டோர்ஃபில் ஐம்பத்தொரு காரில் இருபத்திரண்டாவது.
றெகுலாவுக்கும் ஊர்ஸுக்கும்
ஒரு பன்றித்தொடை, ஒரு மாட்டுமணி.
தொடையை நான் எடுக்கவில்லை.

திங்கள் காலை ஏழு இருபது.
கருவி அவிக்கையில் பைக்குள் பார்த்தேன்:
பிளாஸ்டிக் கடிகாரத்தை நிறுத்த மறந்திருக்கிறேன்.
அந்த வளைவிலிருந்து
இருபது மணி இருபத்தெட்டு நிமிடம்,
இன்னும் ஓடுகிறது.

முதல் ஆள் பிந்துமாம், என்றபடி
றெகுலா உள்ளே வந்தாள்.
கையில் இரண்டு கோப்பி.